தேரன்று நின்ற காற்று

தேர் இழுக்கிற அன்றைக்கு எங்கள் ஊரில் கரண்ட் இருக்காது. தேரின் உச்சி கம்பியில் பட்டுவிடும் என்று, வடம் பிடிக்கிற நேரத்துக்கு லைன்மேன் வந்து கரண்டை நிறுத்திவிடுவார். தேர் நான்கு தெருவும் சுற்றி நிலைக்கு வந்து நின்ற பிறகுதான் திரும்பவும் போடுவார்கள். சக்கரம் எங்காவது பள்ளத்தில் இறங்கிவிட்டால் சாயங்காலம் வரைக்கும் இழுக்கும். நான்கு தெரு என்றால் ஊர்த்தெரு நான்கு. எங்கள் காலனிப் பக்கம் தேர் வராது. ஆனால் கரண்ட் மட்டும் எங்களுக்கும் போகும். அந்த ஒன்றில்தான் சமத்துவம்.

நான் ரோஸ்லின். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள். விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, பாகூருக்குக் கிழக்கே கடலோரத்தில் தையலம்மாள் வீட்டு இறால் நர்சரியில் வேலை பார்க்கிறேன். அதே தையலம்மாள் வயலில்தான் என் அம்மா காசம்மாள் நாற்று நட்டாள், அப்பா செல்லப்பன் கரும்பு வெட்டினார். 'செல்லப்பன் பொண்ணு டேங்க் பாக்குது' என்பார்கள் ஊரில், மாடு பார்க்கிறதைச் சொல்வதுபோல.

டேங்க் பார்ப்பது இதுதான். பொரிப்பகத்திலிருந்து வரும் இறால் குஞ்சு இமை மயிர் அளவுக்கு இருக்கும். அப்படியே கொண்டுபோய்க் குளத்தில் விட்டால் பாதி போய்விடும். அதனால் சில வாரம் ஷெட்டுக்குள் வட்டமான தார்ப்பாய்த் தொட்டியில் வைத்து, நகக்கண் நீளம் வந்ததும் குளத்துக்காரர்களுக்குக் கொடுக்கிறோம். நான் செய்த முறையில் தண்ணீரை மாற்றுவதில்லை. குஞ்சின் கழிவு தண்ணீரில் நஞ்சாகும். கரும்பாலைப் பாகை அளந்து ஊற்றினால் நுண்ணுயிர்கள் பெருகி அந்த நஞ்சைத் தின்றுவிடும். தின்று தின்று, பஞ்சு பிய்த்துப் போட்டதுபோலத் தண்ணீர் முழுக்கப் பழுப்பாகத் திரண்டு மிதக்கும். பார்க்க அழகாக இருக்காது. டீக்கடை வடிகட்டியைக் கழுவி ஊற்றியது மாதிரி இருக்கும்.

தையலம்மாளின் மகன் அரிகரன் முதன்முதலில் அதைப் பார்த்தபோது மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இன்னா ரோஸ்லின், உங்க காலனி வாய்க்கா மாரி ஆக்கி வச்சிருக்க?"

"உங்க வூட்டுச் சாக்கடையும் அந்த வாய்க்காலுக்குத்தான் சார் வருது" என்றேன்.

அவன் சிரிப்பதை நிறுத்தினான். அதன்பிறகு என்னிடம் ஜோக் அடிப்பதில்லை.

எனக்கு முன்னால் அவனே இரண்டு தடவை நர்சரி ஓட்டி, தண்ணீரைக் கண்ணாடி மாதிரி மாற்றி மாற்றி வைத்து, இரண்டு தடவையும் குஞ்சு செத்தது. பொரிப்பகத்து விதை சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள். தையலம்மாள் என்னைக் கூப்பிட்டு, "ஒரே ஒரு தபா நீ சொல்ற மாரி செய். செத்துச்சுன்னா தார்ப்பாய இஸ்துக்கினு போய் நெல்லு காய வச்சிக்கிறேன்" என்றார். அவன் குஞ்சு செத்தால் விதை சரியில்லை. என் குஞ்சு செத்தால்? 'காலனிப் பொண்ண நம்பி விட்டோம் பாரு.' அந்த ஒரு வாக்கியம் போதும். எங்கள் தெருவில் இப்போது கல்லூரிக்குப் போகிற ஒவ்வொரு பெண்ணுக்கு முன்னாலும் அது போய் நிற்கும்.

தேரன்று காலையிலேயே ஜெனரேட்டரில் டீசல் பார்க்கப் போனேன். அறை திறந்து கிடந்தது. சிமெண்ட்டுத் தரையில் எண்ணெய்க் கறையும் நான்கு போல்ட்டும்தான் இருந்தன.

வாட்ச்மேன் இருசப்பன் பல் குத்திக்கொண்டே வந்தார். "தம்பி வந்து டிராக்டர்ல ஏத்திக்கினு போச்சு பாப்பா. வாடகைக்குப் புடிச்ச ஜெனரேட்டரு படுத்துக்கிச்சாம். தேருக்கு மைக்கு, சீரியல் லைட்டு எல்லாம் நம்மள்துலதான் ஓடுது."

அரிகரனுக்குப் போன் போட்டேன். மேளச் சத்தத்துக்கு நடுவில் எடுத்தான்.

"சார், கரண்ட் போனா டேங்க்ல காத்து நிக்கும். ஜெனரேட்டர் வேணும்."

"பட்டப்பகல்ல இன்னாத்துக்குக் காத்து? எங்கப்பா கொளம் வச்சிருந்தப்போ பகல்ல ஏரேட்டரே போட மாட்டாரு. வெயில் அடிச்சா தண்ணியே காத்து வுடும். எம்.எஸ்சி.ல இதெல்லாம் சொல்லித் தரலியா?"

"அது பச்சத் தண்ணி சார். பாசி இருக்கும், வெயில்ல அது காத்து வுடும். இது ஷெட்டுக்குள்ள இருக்கிற பழுப்புத் தண்ணி. இதுல இருக்கிறது மொத்தமும் காத்த இழுக்கத்தான் இழுக்கும், வுடாது. குஞ்சு மட்டும் இல்ல, தண்ணியே மூச்சு வாங்குது. ஒரு மணி நேரம் தாங்காது."

"ரோஸ்லின், இது சாமி காரியம். உங்களுக்கெல்லாம் புரியாது. வையி."

உனக்கு என்று சொல்லவில்லை. உங்களுக்கெல்லாம் என்றான். என் ஒருத்தியின் போனில் அவன் மொத்தத் தெருவையும் நிறுத்திப் பேசினான்.

நான் போனைக் கீழே வைக்கும்போது கரண்ட் போய், தொட்டிக்குக் காற்று ஊதுகிற புளோயர் நின்றது.

இரவும் பகலும் கேட்டுக் கேட்டு அந்தச் சத்தம் என் காதுக்குள் இருப்பதே எனக்குத் தெரியாமல் போயிருந்தது. நின்றபோது காதை யாரோ பொத்தியதுபோல இருந்தது. தொட்டி முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்த குமிழி அடங்கியது. தீனியையும் பாகையும் தூர எடுத்து வைத்தேன். ஆக்சிஜன் தூள் பையில் அரைக் கிலோ கூட இல்லை. வாங்கி வைக்கச் சொல்லி எத்தனை தடவை கேட்டிருப்பேன். இருந்ததைத் தூவினேன். ஆக்சிஜன் அளக்கிற மீட்டரைத் தண்ணீரில் விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண் கொஞ்சம் ஏறுவதுபோல ஏமாற்றிவிட்டு இறங்க ஆரம்பித்தது.

இருசப்பன் எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் சந்தோஷம். "தே பாரு பாப்பா, தண்ணி எப்பிடித் தெளிஞ்சிடுச்சு! இம்மா நாளா இத நிறுத்தாம கெடந்துட்டோமே!"

"அது தெளியல. காத்து இல்லாம அடியில போய் உக்காருது. அழுவப் போவுது."

தெளிந்த தண்ணீரில் குஞ்சுகள் நன்றாகத் தெரிந்தன. அதுதான் பயம். ஓரத்துக்கு வந்து, தார்ப்பாயை ஒட்டி, மேலே மேலே வந்துகொண்டிருந்தன.

இருசப்பன் சிரிப்பை விழுங்கினார். "இப்போ இன்னா பண்றது?"

எனக்கும் தெரியவில்லை. ஷெட்டை விட்டு வெளியே வந்தேன். அடுத்த வாய்க்காலில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. எங்கள் தெருப் பெண்கள். வருகைப் பதிவுக்கான காலைப் போட்டோ எடுத்து முடித்து, வேலிக்கருவை நிழலில் கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் மண் அள்ளுகிற இரும்புப் பாண்டுகள் கவிழ்த்து அடுக்கியிருந்தன.

பாண்டைப் பார்த்ததும் ஓடினேன்.

"எம்மா! பாண்ட எடுத்துக்கினு வாங்க! எல்லாரும் வாங்க!"

அம்மா எதுவும் கேட்காமல் எழுந்துவிட்டாள். அமுதம் அக்கா எழவில்லை. தெருவில் அவள் கேட்காத கேள்வியே கிடையாது.

"இன்னாடி ரோஸு, வூடா பத்திக்கிச்சு?"

"டேங்க்ல காத்து நின்னுடுச்சுக்கா. கையால தண்ணிய மொண்டு மேலர்ந்து ஊத்துனா கொஞ்சம் காத்து சேரும். கரண்ட் வர்ற வரைக்கும் ஊத்தணும்."

"எறா யாரு எறா? அவுங்க எறா. சாவட்டுமே. அவுங்க வூட்டுக் கெணத்துல ஒரு கொடம் மொண்டுட்டேன்னு எங்க அம்மாவ இன்னா பேச்சுப் பேசுனாங்கன்னு உனக்குத் தெரியுமா? அவுங்க எறாவுக்கு நான் தண்ணி ஊத்தணுமா?"

"உயிரா இருக்கிற வரைக்கும் அவுங்க எறாதான். செத்துச்சுன்னா என் எறான்னுடுவாங்க."

அமுதம் அக்கா கூழ்ச் சட்டியை மூடினாள். "எழுந்திருங்கடி. மத்தியானப் போட்டோவுக்குள்ள வந்துடலாம்."

கேட்டில் இருசப்பன் கையை விரித்து நின்றார். "இத்தினி பேர உள்ள வுட்டா தம்பி என்ன உரிச்சிடும்."

"உரிக்கட்டும். நகருங்க."

ஆனால் நானே அவர்களை வாசலில் நிறுத்தினேன். அங்கே கால் முக்குகிற தொட்டி இருக்கிறது, பெர்மாங்கனேட் கலந்த ஊதாத் தண்ணீர். வெளி நோய் உள்ளே போகாமல் இருக்க. "எல்லாரும் கால முக்குங்க. பாண்ட போர்வெல் தொட்டியில நல்லா அலசுங்க. கையக் கழுவுங்க."

"எங்க காலுல இன்னாடி தீட்டு?" என்றாள் ஆரோக்கியம் அத்தை. அவளுக்கு அறுபது வயதுக்கு மேல். குரலில் விளையாட்டு இல்லை.

"தீட்டு இல்ல அத்த, மருந்து. நானும் தெனம் முக்குறேன். அரிகரன் சாரும் முக்கணும். அவருதான் தாண்டிக்கினு போறாரு."

"அப்போ நான் ரெண்டு தபா முக்குறேன். அவன் பங்குக்கும் சேத்து" என்று அமுதம் அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

தொட்டியைச் சுற்றி ஹாலோபிளாக் கல் போட்டு அதன்மேல் ஏறி நின்றார்கள். நான் செய்து காட்டினேன்: மேல் தண்ணீரை மெதுவாக மொள்ள வேண்டும், குஞ்சை அடிக்காமல். தலைக்கு மேலே தூக்கி, சல்லென்று சிதறுகிற மாதிரி விட வேண்டும். ஒரே இடத்தில் கொட்டக் கூடாது. முதல் நாலைந்து பாண்டு எல்லார் முகத்திலும் அடித்தது. அப்புறம் கை பிடித்துக்கொண்டது. நடவு நடுகிற கைகள். ஒருத்தி குனியும்போது அடுத்தவள் நிமிர்ந்தாள். அம்மா எனக்கு எதிரே நின்றாள். அவளுடைய தோள் எலும்பு ரவிக்கைக்குள் ஏறி இறங்குவதைப் பார்க்காமல் இருக்க மீட்டரைப் பார்த்தேன்.

இறங்குவது நிற்கவில்லை. ஆனால் மெதுவானது.

"செத்துச்சா பொழச்சுச்சா சொல்லித் தொலடி" என்று அமுதம் அக்கா மூச்சு வாங்கினாள்.

"உசுரு இருக்கு. ஊத்துங்க."

"இந்த எறாவ ஒரு தபாவாவது கொழம்பு வச்சுத் தின்னணும். அப்பதான் என் கை வலி போவும்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஊற்றினார்கள். தூரத்தில் தேரின் மைக்கில் பாட்டும் அறிவிப்பும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தன.

எண் திரும்பவும் வேகமாக இறங்கத் தொடங்கிய நேரத்தில் வாசலில் பைக் நின்றது. அரிகரன். நெற்றி நிறைய விபூதி, வேட்டி, கழுத்தில் மாலை. பின்னாலிருந்து இறங்கியவர் புகழ்வேந்தன், கடலூர்ப் பக்கம் பெரிய குளங்கள் வைத்திருப்பவர். இந்தக் குஞ்சை எடுக்கப் பேசியிருந்தது அவர்தான். தேருக்கு வந்தவரைக் குஞ்சு காட்டக் கூட்டி வந்திருக்கிறான்.

உள்ளே வந்தவன் அப்படியே நின்றான். கல்லின்மேல் வரிசையாக எங்கள் தெரு. புடவையெல்லாம் நனைந்து, தலையெல்லாம் பழுப்புத் துளி.

என் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். "இன்னா இது கூத்து? யாரக் கேட்டு உள்ள வுட்ட? பார்ட்டி வந்திருக்காரு. எல்லாரையும் பின் பக்கமா அனுப்பு."

"நிறுத்துனா செத்துடும் சார்."

"நிறுத்தச் சொல்றேன்! கண்டவங்க கையெல்லாம் தண்ணிக்குள்ள வுட்டா எவன் வாங்குவான்?" அவன் பெண்கள் பக்கம் திரும்பினான். "ஏய், எறங்குங்க! போதும்! எறங்கு காசம்மா!"

என் அம்மாவை அவன் பேர் சொல்லிக் கூப்பிட்டான். அவனைவிட இருபத்தைந்து வயது பெரியவளை. அம்மாவின் பாண்டு தலைக்கு மேலே நின்றது. எத்தனையோ வருடப் பழக்கம். அந்தக் குரலுக்கு அவள் கை தானாக நின்றுவிடும். ஒவ்வொரு பாண்டாக நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஊத்தும்மா!" என்று கத்தினேன். "நிறுத்தாதீங்க! இங்க டேங்க் பாக்குறது நானு. நான் சொல்ற வரைக்கும் யாரும் எறங்கக் கூடாது!"

அம்மா ஊற்றினாள். சல்லென்று விழுந்தது. அடுத்து ஆரோக்கியம் அத்தை. அடுத்து அமுதம் அக்கா, கொஞ்சம் ஓரமாக, அரிகரன் வேட்டியில் படுகிற மாதிரி.

புகழ்வேந்தன் தொட்டி ஓரத்தில் குந்தினார். தார்ப்பாயை ஒட்டி மேலே வந்துகொண்டிருந்த குஞ்சுகளைப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார்.

"ஜெனரேட்டர் இல்லியா அரி?"

"ரிப்பேருண்ணா. இப்போதான்..."

"ரிப்பேர் இல்ல சார்" என்றேன். "அதோ மைக்கு கேக்குது பாருங்க. அதான் எங்க ஜெனரேட்டரு."

சரியாக அப்போது மைக் யாரோ ஒரு உபயதாரரின் பேரை இழுத்து இழுத்துப் படித்தது. அரிகரன் பேர்தான்.

புகழ்வேந்தன் எழுந்தார். "கொளத்துல தண்ணி கட்டி ரெடியா வச்சிருக்கேன். செத்த குஞ்சப் பாக்கவா பைக்ல வந்தேன்? போ. போய் எடுத்தா."

"தேரு பாதி வழியில நிக்குதுண்ணா. ஊரே இருக்கு. எப்பிடி..."

"தேர ஆளுதானே இழுக்குறான். மைக்கா இழுக்குது?"

அரிகரன் என்னைப் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது. பைக் போன சத்தம் கேட்டது. நாங்கள் ஊற்றிக்கொண்டிருந்தோம். தோள்பட்டை என்னுடையதா வேறு யாருடையதா என்று தெரியவில்லை. "பக்த கோடிகள் அனைவரும் வடத்தை விட்டு..." என்று சொல்லிக்கொண்டிருந்த மைக் பாதியில் அறுந்தது.

அமுதம் அக்கா பாண்டை இறக்காமலே, "சாமி காதும் கொஞ்ச நேரம் சும்மா இருக்கட்டும்" என்றாள்.

டிராக்டரிலிருந்து ஜெனரேட்டரை இறக்கக்கூட இல்லை. டிரெய்லரில் இருந்தபடியே ஒயரை இழுத்து மாட்டினேன். புளோயர் இருமி, உறுமி, ஓடியது. அடியில் உட்கார்ந்திருந்த பழுப்பெல்லாம் கிளம்பி மேலே வந்தது. கண்ணாடியாக இருந்த தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கலங்கிப்போனது. இருசப்பன் கைதட்டினார்.

ஓரத்தில் கொஞ்சம் செத்திருந்தது. சல்லடையில் அள்ளிப் போட்டேன். மிச்சம் துள்ளிக்கொண்டிருந்தது. புகழ்வேந்தன் ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் வண்டி அனுப்புறேன்" என்றார். என்னைப் பார்த்துச் சொன்னார்.

அவர் போனதும் அரிகரன் வந்தான். "தேர நிறுத்திட்டான்னு ஊரே என்னப் பேசுது. உன்னாலதான். நாளைலர்ந்து வராத."

"தேரு நிக்கல சார். மைக்குதான் நின்னுச்சு."

மறுநாள் காலையில் போனேன். கேட் பூட்டியிருக்கும் என்று நினைத்தேன். திறந்திருந்தது. இருசப்பன் ஸ்டூலை விட்டு எழுந்து வந்தார்.

"தம்பி வுட வேணாம்னுதான் சொல்லிச்சு. அவுங்க அம்மா போன் பண்ணி வுடச் சொல்லிட்டாங்க. குஞ்சு காத்துக்கினு இருக்கும், வா பாப்பா, தீனி போடு."

நான் ரோட்டிலேயே நின்றேன். "ஜெனரேட்டர் ரூமு சாவி என் கைக்கு வரட்டும். அப்புறம் உள்ள வரேன்."

"இன்னா பாப்பா நீ..."

"போன் பண்ணுங்க."

பண்ணினார். ஸ்பீக்கரில் அரிகரன் குரல் வந்தது. "சாவி கேக்குறாளா? இன்னா திமிரு!"

"திமிருதான் சார்" என்றேன். "தீனி நேரம் தாண்டுது. எவ்ளோ போடணும்னு தெரிஞ்சா நீங்களே வந்து போட்டுடுங்க."

லைன் அறுந்தது.

புளியமரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே புளோயர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வேளை தீனி இல்லாவிட்டால் குஞ்சு சாகாது. தண்ணீரில் திரண்டு கிடக்கிற பழுப்பே அதுக்குத் தீனிதான். அள்ளி அள்ளித் தின்னும். இது எனக்குத் தெரியும். அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் சொல்வதாகவும் இல்லை.

வெயில் ஏறிய பிறகு தையலம்மாளே வந்தார், யாரோ ஒருவன் டிவிஎஸ்ஸின் பின்னால் உட்கார்ந்து. இறங்கி, மூட்டு வலியோடு நடந்து வந்து என் எதிரே நின்றார். நானும் எழுந்து நின்றேன்.

"செல்லப்பன் பொண்ணு சட்டம் பேசுதாமே?"

"என் பேரு ரோஸ்லின்மா."

"தெரியும், தெரியும்." இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்தார். "ஜெனரேட்டரு இனி எங்கியும் போவாது. நான் சொல்லிட்டேன். இந்தா."

சாவியை உயரத் தூக்கிப் பிடித்தார். மேலேயிருந்து போடுவதற்கு. அவர் வீட்டில் எங்களுக்கு எதையும் அப்படித்தான் தருவார்கள், கூலியானாலும் வெற்றிலையானாலும். கீழே அம்மா இரண்டு கையையும் குவித்து ஏந்துவாள். விரல் படாது.

நான் என் கையை நீட்டினேன். கீழே இல்லை. அவர் கை இருந்த உயரத்துக்கே, நேராக.

சாவி அங்கேயே தொங்கியது. "புடி" என்றார்.

"குடுங்கம்மா."

இருசப்பன் வேறு பக்கம் பார்த்தார். டிவிஎஸ்காரன் வண்டியை ஆஃப் செய்தான். என் கை வலித்தது, முந்தைய நாளின் வலி வேறு. இறக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கேட்டைப் பார்த்தார். உள்ளே ஷெட்டைப் பார்த்தார். அவருக்கு நேரம் ஆகிக்கொண்டிருந்தது. எனக்கு ஆகவில்லை.

சாவி என் உள்ளங்கையில் வந்து அமர்ந்தது. இடுப்புச் சூடு இன்னும் அதில் இருந்தது. என் கையில் பட்ட அவர் விரலிலும்.